பன்னிரண்டு பொய்த் துளிகள்

ஜவ்வாது மலைக்குக் கீழே, நானூறு மீட்டர் ஆழத்தில், துளி பிறந்து சாவதைக் காதால் கேட்பதற்கென்று ஓர் அறை இருந்தது. கேட்பறை என்று பெயர். சுவரெல்லாம் கம்பளி ஒட்டி, எட்டு நாற்காலி போட்டு, மூலையில் நீல நிறத்தில் ஒரே ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் முதலில் நம் மூச்சு கேட்கும். பிறகு அதுவும் கேட்காது. அதன்பின் துளி வரும்.

ஒவ்வொரு துளிக்கும் ஒரு குரல். சில, கரையில் கட்டிப்போட்ட படகின் வயிற்றைத் தண்ணீர் தட்டுவதுபோல இருக்கும். சில, தூரத்து வீட்டில் யாரோ பித்தளை அண்டாவைக் கீழே வைக்க, அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்வதுபோல இருக்கும். பத்து விநாடிதான், அடுத்த துளி வந்துவிடும். அணுக்கருக்களை மோதவிட்டுத் துளியைப் பிறப்பிக்கும் அந்தச் சுரங்க வளையத்தில் வேலை பார்த்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். தூங்குகிறார்கள் என்றும் சொல்ல முடியாது, விழித்திருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. வெளியே வரும்போது எல்லோர் முகமும் இப்போதுதான் குளித்தெழுந்த மாதிரி இருக்கும்.

உண்மையில் துளிக்குப் பத்து விநாடி ஆயுள் கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்தைப் பிடித்து இந்தப் பிரபஞ்சத்தின் வயதளவுக்கு நீட்டினாலும், அந்த நீட்டலில்கூடத் துளியின் வாழ்வு இன்னொரு கண்ணிமைப்புக்குக் காணாது. அதைத்தான் இழுத்து, மெதுவாக்கி, மனிதக் காதுக்குப் பத்து விநாடியாகக் கொடுத்தார்கள்.

மங்கையர்க்கரசிக்கு மட்டும் அந்த அறையில் சுகம் கிடையாது. அங்கே ஒலிக்கும் துளிகளில் எவை பொய் என்று அவளுக்குத் தெரியும். அவற்றைச் செய்து கலந்தவளே அவள்தான்.

இதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் ஏதோ மோசடிக்காரி என்று தோன்றிவிடும். பெரிய பரிசோதனைகளில் உள்ள சங்கடம் இது: நானூறு பேர் ஒரே தரவைப் பார்க்கிறார்கள், நானூறு பேருக்கும் ஆசை இருக்கிறது. ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு வேண்டியது தெரிந்துவிடும். அதனால் ஒரே ஒருவரை நியமித்து, நிஜ மோதல்களுக்கு நடுவே சில பொய் மோதல்களைக் கணினியில் செய்து கலக்கச் சொல்வார்கள். எவை பொய் என்று ஆராய்கிறவர்களுக்குத் தெரியாது. ஏதாவது அதிசயம் கண்ணில் பட்டால், "இது அந்தப் பொய்யாகவும் இருக்கலாம்" என்ற பயத்தோடேயே அவர்கள் வேலை செய்ய வேண்டும். கடைசியில் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் பட்டியல்களைத் திறப்பார்கள். பொய்களை அடித்துவிட்டு, மிஞ்சியது என்ன என்று பார்ப்பார்கள். கலப்பதற்கு உப்புப் போடுவது என்று பெயர். மங்கை ஒன்பது வருடமாக உப்புக்காரி. அந்தப் பெயரில் கேலி உண்டு, மரியாதையும் உண்டு, ஒருவித ஒதுக்கலும் உண்டு. சாப்பாட்டு மேசையில் அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு மழைக்கும் பேருந்துக்கும் மாறிவிடும்.

அவளோடு தைரியமாகச் சாப்பிட்டவர் சவரிமுத்து ஒருவர்தான். மணப்பாட்டுக்காரர். ஐம்பத்தெட்டு வயது. கடலோரத்தில் பிறந்து மலைக்கடியில் வேலை பார்க்க வந்தவர். துளி எப்படி ஓடுகிறது என்பதை முப்பது வருடமாகக் கணக்குப் போட்டவர். வளையத்தில் தில்லிக்காரர்கள், ஜப்பான்காரர்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள்.

"என்ன உப்புக்காரி, சாம்பார்ல இன்னைக்கு ஏதும் கலந்தியாளா?" என்பார் தட்டை வைத்துக்கொண்டே.

"கலந்தாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

"சொல்லிராத. சொன்னா எனக்குச் செமிக்காது."

இருவருக்கும் வாய்க்கட்டு. எவற்றைக் கலந்தேன் என்று அவள் சொல்லக்கூடாது. எவற்றைக் கண்டேன் என்று அவர் சொல்லக்கூடாது. ஆறு வருடம் அப்படியே எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்கள்.

என்ன பொய்யைக் கலப்பது என்பதை உப்புக்காரியும் தேர்ந்தெடுக்க முடியாது. பெயர் போடாத சீட்டுகளில் ஆளாளுக்கு எழுதிப் போடுவார்கள். அவள் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். இந்த முறை வந்த சீட்டில் நான்கு சொற்கள் இருந்தன: "துளி ஞாபகம் வைத்திருக்கிறது போல." படித்துவிட்டு மங்கை சிரித்தாள். ஏனென்றால் துளி எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது என்பதுதான் அந்தத் துறையில் எல்லோரும் படிக்கிற முதல் பாடம். எதிலிருந்து உருகியது, எப்படி உருகியது என்பதெல்லாம் அந்தச் சூட்டில் அழிந்துபோகும். அதை நிரூபித்தவர் சவரிமுத்துதான். பாடப்புத்தகத்தில் அவர் பெயரிலேயே அது இருக்கிறது.

சீட்டில் வந்ததைச் செய்தாக வேண்டும். அவள் பன்னிரண்டு துளிகளைச் செய்தாள். முதல் துளி ஆறி உறைகிற கணத்தில் அதன் அலை எங்கே நின்றதோ, இருபது நாள் கழித்து வரும் இரண்டாவது துளி அதே இடத்திலிருந்து அலையைத் தொடரும். மூன்றாவது, இரண்டாவதிலிருந்து. ஒவ்வொரு மோதலிலும் புதுத் துளி பிறக்கவில்லை; எங்கோ ஒரே கடல் இருக்கிறது, நாம் ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஊசியளவு ஜன்னலைத் திறந்து மூடுகிறோம் என்பது போல. அந்தப் பன்னிரண்டையும் நாற்பது கோடி மோதல்களுக்கு நடுவில் தூவினாள். எந்தப் பொய்யையும் அவள் இவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை.

மூன்று வருடத் தரவு. பட்டியல் திறப்பு அக்டோபர் பதினான்கு.

ஜூலை மாதத்தில் சவரிமுத்துவின் இதய வால்வு ஒன்று சுருங்கிக்கொண்டு வருகிறது என்று வேலூரில் சொன்னார்கள். சீக்கிரம் அறுவை செய்து மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் எந்தப் படியில் ஏறும்போது என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு மலைக்குத் திரும்பி வந்துவிட்டார். அக்டோபர் முடியட்டும் என்றார். ஆகஸ்டில் ஒருநாள் காலையில் சாப்பாட்டுக்கூடத்துப் படியில் மயங்கி விழுந்தார். அப்போதும் அக்டோபர் என்றார்.

அவர் மனைவி அமலோற்பவம் மணப்பாட்டிலிருந்து புறப்பட்டு வந்தார். வந்த மறுநாள் சாயங்காலம் மங்கையின் குடியிருப்புக்கு வந்து, மேகம் வாசல்வரை ஏறி நிற்பதைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மங்கை டீ கொடுத்தாள்.

"நீ சொன்னா கேப்பாவ. வேற யாரு சொல்லியும் அவியளுக்குக் காதுல ஏறல," என்றார். "அந்த ஓட்டைக்குள்ள அப்படி என்னத்தத்தான் பாக்காவ?"

"உங்க ஊர்ல வலையில ஈயக்குண்டு கட்டுவாங்கல்ல அக்கா? அந்த ஈயம்தான். அதோட அணுக்கருவ ரெண்டு பக்கத்துல இருந்தும் பயங்கர வேகத்துல ஓட்டி, நேருக்கு நேர் மோத விடுறோம். மோதின இடத்துல சூரியனோட நடுவுல இருக்கிற சூட்டவிட லட்சம் மடங்கு சூடு. அந்தச் சூட்டுல எதுவும் அதுவா இருக்காது. ஈயம், இரும்பு, கல்லு, நீங்க, நான், எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது உருகி ஒரே துளியாயிடும். உலகம் ஆரம்பிச்சப்ப எல்லாமே அப்படித்தான் இருந்துச்சு."

"தண்ணி மாதிரியா?"

"தண்ணியவிட வழவழப்பா ஓடும். ஆனா உடனே ஆறிடும். ஆறி, ஆயிரக்கணக்கான துகளா செதறிப் போயிடும். அந்தச் செதறல வச்சுக்கிட்டு, உருகி இருந்தப்ப எப்படி ஓடுச்சுன்னு சொல்றதுதான் அண்ணாச்சியோட வேலை."

அமலோற்பவம் யோசித்தார். "செத்த வீட்டுக்கு வந்த சனத்த எண்ணி, செத்தவன் எப்படி வாழ்ந்தான்னு சொல்லுத மாதிரி."

"அதேதான்," என்று மங்கை சிரித்துவிட்டாள்.

"செரி, அது என்னத்தையோ ஞாபகம் வச்சிருக்காமே? தூக்கத்துல கூட அதத்தான் சொல்லுதாவ. 'அமலா, அது மறக்கல்ல, முப்பது வருசம் நான் தப்பாச் சொல்லிட்டேன்'னு சின்னப்புள்ள மாதிரி அழுதாவ. தான் தப்புன்னு தெரிஞ்சு ஒரு மனுசன் இம்புட்டுச் சந்தோசப்பட்டு நான் பாத்ததில்ல. அத நேர்ல பாக்காம கத்திக்குக் கீழ படுக்க மாட்டாவளாம்."

மங்கை டீயைக் கீழே வைத்தாள். வாசலில் நின்ற மேகம் இன்னும் ஒரு படி மேலே ஏறி வந்தது.

அவர் கண்டிருப்பது அவளுடைய பொய்யை. தன் உயிரைப் பிடித்து நிறுத்திக் காத்திருப்பது அவள் செய்து தூவிய பன்னிரண்டு துளிகளுக்காக.

மறுநாள் அவள் இயக்குநர் தில்ஷாத் பேகத்தின் அறைக்குப் போனாள். வாணியம்பாடிக்காரர், உப்புப் போடும் முறைகளை எழுதிய குழுவில் இருந்தவர்.

"மேடம், அண்ணாச்சி விஷயமா ஒண்ணு. அவர் எதுக்காகக் காத்திருக்காருன்னு எனக்கு..."

"நிறுத்துங்க." தில்ஷாத் கையை உயர்த்தினார். "நீங்க உப்புக்காரி. இந்த விஷயத்துல நீங்க பேசுற ஒவ்வொரு வார்த்தையும் ஒரு தகவல். நீங்க கவலைப்படுறதே ஒரு தகவல். நான் எதையும் கேக்கல."

"திறப்ப முன்னாடி வைக்க முடியுமா?"

"எழுபது பேரோட ஆய்வு பாதியில நிக்குது. முடியாது."

"அவரு செத்துட்டா?"

தில்ஷாத் கையைத் தாழ்த்தினார். "லீவு போட்டு அனுப்பிப் பாத்தேன். கிழிச்சுப் போட்டுட்டாரு. அவரத் தூக்கிட்டா போக முடியும்? மங்கை, ஒரு ஆளுக்குச் சொன்னாலும் போதும். அவரு தொட்ட மூணு வருஷத் தரவும் செல்லாது. நானூறு பேரோட மூணு வருஷம். வெளியில போங்க, ப்ளீஸ்."

வெளியில் வந்து அவள் சந்தன மரங்களுக்கு நடுவே நடந்தாள். பனியில் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்தன. கணக்கு நேராகத்தான் இருந்தது. ஒரு பக்கம் நானூறு பேரின் மூன்று வருடம். இன்னொரு பக்கம் ஒருவரின் மிச்ச வாழ்நாள். ஆனால் இன்னொன்றும் இருந்தது. பொய்யைக் கழித்துவிட்டால் மிஞ்சப்போவது ஒன்றுமில்லை. இத்தனை வருடமும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஒன்றுமில்லாததற்காக வைத்திருக்கும் ரகசியத்தை உடைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி அவள் நினைத்தாள். பொய்யைத் தன் கையால் செய்கிறவருக்கு, காண்பதெல்லாம் தன் பொய்யாகவே தெரியும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

சுரங்கத்துக்கு இறங்கும் லிஃப்டுக்கு நான்கு நிமிடம் ஆகும். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அதில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். சவரிமுத்து சுவரில் சாய்ந்து, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே பாறை கறுப்பாக மேலே ஓடியது.

"அண்ணாச்சி, துளிக்கு ஞாபகமெல்லாம் இல்ல."

அவர் கண்ணைத் திறந்தார்.

"நீங்க பாத்தது என் உப்பு. சீட்டுல வந்துச்சு, செஞ்சேன். உங்களுக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. இதுக்காக நீங்க சாக வேண்டாம். வேலூர் போங்க."

பாறை ஓடிக்கொண்டே இருந்தது. லிஃப்டின் மோட்டார் சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

"எத்தன போட்ட?"

"பன்னெண்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பன்னெண்டுதான். என் கையால எண்ணிப் போட்டது."

"எல்லாம் ஒரே வரிசையா? ஒண்ணுபின்னால ஒண்ணா?"

"ஒரே வரிசைதான்."

சவரிமுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து மங்கை கையைப் பிசைந்தாள். லிஃப்ட் அடியில் வந்து நின்று கதவு திறந்தது. நீண்ட வெள்ளைத் தாழ்வாரம், வளைந்து வளைந்து கண்ணுக்கு எட்டாமல் போகும் குழாய். அவர் இறங்கவில்லை. திரும்பாமலே கையை நீட்டி மேல்பொத்தானை அழுத்தினார்.

"மேல போவோம்ளா," என்றார். "அருமையான உப்பு. கைமணம்."

அன்று மத்தியானமே தன் பட்டியலை முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை அமலோற்பவத்தோடு காரில் ஏறி வேலூர் போனார். திங்களன்று அறுவை நடந்தது. ஆறு மணி நேரம். நல்லபடியாக முடிந்தது.

மங்கை அதன்பின் கேட்பறைப் பக்கம் போகவில்லை. அவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. ஒரு மனுஷனின் ஆகப் பெரிய சந்தோஷத்தைப் பிடுங்கி உயிரைக் கொடுத்திருக்கிறோம், அவர் பேசாவிட்டால் அதுவும் நியாயம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அக்டோபர் பதினான்கு, சாப்பாட்டுக்கூடத்தில் மேசைகளை ஓரம் கட்டினார்கள். உட்கார இடமில்லாமல் ஜன்னல்களிலும் ஏறி நின்றார்கள். பட்டியல் திறப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆராய்ச்சியாளர்களின் பட்டியல்கள். அடுத்து உப்புப் பட்டியல். அடித்துக் கழித்த பிறகு, உப்புக்காரி எழுந்து எல்லோர் முன்பும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "உப்பு என்னோடு இருந்தது, வேறு யார் நாவிலும் படவில்லை." அதைச் சொன்னால்தான் முடிவு முடிவாகும். மங்கை அதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகியிருந்தாள். மிஞ்சப்போவது பூஜ்யம், பூஜ்யத்துக்கு மேல் ஒரு பொய் சொன்னால் யாருக்கும் காயம் இல்லை.

தில்ஷாத் சவரிமுத்துவின் உறையைப் பிரித்து, துளிகளின் எண்களை வாசித்தார். ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினார்கள். மங்கை தன் காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். அவளுடையது, அவளுடையது, அவளுடையது. ஐந்தாவது எண் அவளுடையதில்லை. ஏதோ தவறாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தாள். ஒன்பதாவதும் இல்லை.

வாசித்து முடித்தபோது பலகையில் பத்தொன்பது எண்கள் இருந்தன.

அவள் எழுந்து போய்த் தன் பன்னிரண்டையும் அடித்தாள். சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. ஏழு எண்கள் நின்றன. யாரும் செய்யாத ஏழு.

"வரிசையாப் போடுங்க," என்று தில்ஷாத் யாரிடமோ சொன்னார்.

ஒலிபெருக்கியில் முதல் துளி வந்தது. ஆழத்தில் ஏதோ புரண்டு படுப்பது போன்ற ஒலி. பத்தாவது விநாடியில் நிற்க வேண்டியது, நிற்கவில்லை. பதினோரு மாதம் கழித்துப் பிறந்த இரண்டாவது துளி அதை அப்படியே வாங்கிக்கொண்டது. மூன்றாவது அதனிடமிருந்து. ஏழு துளிகள், எழுபது விநாடி, இடையில் ஒரு மூச்சளவு வெட்டுகூட இல்லை. உலகத்தில் எதுவும் எதுவாகவும் ஆவதற்கு முன்னால் இருந்த ஒரு கடல், யாரும் கேட்காத காலமெல்லாம் தன்பாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது போலவும், இவர்கள் இப்போதுதான் கதவருகே வந்து நின்றது போலவும் இருந்தது. சமையற்கட்டிலிருந்து வந்தவர்கள் கரண்டியோடு அப்படியே நின்றார்கள். மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, தான் செய்யாத அதிசயம் ஒன்று அவள் காதில் விழுந்தது.

ஒலி ஓய்ந்தபோது யாரும் கை தட்டவில்லை. பலர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மங்கையர்க்கரசி," என்றார் தில்ஷாத், முறைப்படி. "உப்பு உங்களோடு இருந்ததா?"

வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் போதும். அந்த ஏழும் உண்மைதான். உண்மையை நிலைநிறுத்த ஒரு பொய். லிஃப்டில் நடந்தது தெரிந்த இன்னொருவர் வேலூரில் இருக்கிறார், அவர் வாய் திறக்க மாட்டார். ஆனால் நாளைக்கு யாராவது, "அவருக்கு எவை பொய் என்று தெரிந்திருந்தால், மற்றதைத் தன் ஆசைப்படி சேர்த்திருக்கலாமே?" என்று கேட்டால்? கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி இருக்கும். கடல் மறக்கவில்லை என்று உலகத்துக்குச் சொல்கிற முதல் வாக்கியத்தின் அடியில், அவள் மறைத்தது கிடக்கும்.

"இல்லை," என்றாள். "ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி சவரிமுத்து அண்ணாச்சிகிட்ட சொன்னேன். எண்ணிக்கை சொன்னேன், வகை சொன்னேன். பட்டியலை அவர் அதுக்கப்புறம்தான் கொடுத்தார்."

கூடத்தில் எழுந்த சத்தத்தைச் சத்தம் என்று சொல்ல முடியாது. நானூறு பேர் ஒரே நேரத்தில் சற்றுத் தளர்ந்தார்கள், அவ்வளவுதான். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்று வருடத் தரவும் மூடப்பட்டது. புது ஓட்டம் ஜனவரியில் தொடங்கும். வேறு உப்புக்காரர் வருவார். மங்கையைக் கேட்பறைப் பராமரிப்புக்கு மாற்றினார்கள். உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டு, தில்ஷாத் கொஞ்சம் நின்றார்.

"எனக்கு உங்கமேல கோபம்தான் மங்கை. ஆனா அந்த ஏழையும் நான் கேட்டுட்டேன். அதைக் கேக்காத மாதிரி இன்னும் மூணு வருஷம் எப்படி இருக்கறதுன்னுதான் தெரியல."

அந்த ஞாயிறு அவள் வேலூர் போனாள். அமலோற்பவத்தின் தங்கை வீட்டு மாடியில் சவரிமுத்து சாய்வு நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். ஆனால் மூச்சை எண்ணவில்லை.

"வாளா, கேள்விப்பட்டேன்."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள் மங்கை, உட்காராமல்.

"நீ பன்னெண்டுன்னு சொன்னப்பவே தெரியும். எங்கிட்ட ரெண்டு வரிசை இருந்துச்சு. பன்னெண்டுல ஒண்ணு, ஏழுல ஒண்ணு. ரெண்டுல எது உப்பு, இல்ல ரெண்டுமே உப்பான்னு தெரியாமத்தான் கெடந்து அடிச்சிக்கிட்டிருந்தேன். நீ வந்து பன்னெண்டு, ஒரே வரிசைன்ன. லிஃப்ட்டுக்குள்ளயே எனக்கு விடிஞ்சு போச்சு."

"அப்ப அழல?"

"சிரிச்சேன். சத்தம் வந்தா நீ கண்டுபிடிச்சிருவ."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. ரெண்டு மாசம் நான்..."

"சொல்லியிருந்தா அன்னைக்கே நீ ஓடிப்போய் டைரக்டரம்மாகிட்ட ஒப்புக்கிட்டிருப்ப. நானும் கூட நின்னுருக்கணும். அப்புறம் எங்க ஆஸ்பத்திரி?" அவர் தன் நெஞ்சைத் தடவினார். "இன்னொண்ணும் சொல்லணும். நீ அந்த வாக்கியத்த அப்படியே சொல்லிருவன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன். பேரும் புகழும் வாங்கிக்கிட்டுக் கல்லறைக்குப் போயிருப்பேன். நான் அம்புட்டுதான். நீ எந்திரிச்சு இல்லன்னு சொன்னியாம்னு காதுல விழுந்தப்போ, அமலாதான் கேட்டா, 'ஏன் முகம் இப்படிப் போவுது'ன்னு."

அமலோற்பவம் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தார். "முகம் போச்சா? ரெண்டு நாளு யார்கிட்டயும் பேசல. உப்பில்லாக் கஞ்சியத்தான் குடிச்சாவ."

மங்கை இப்போதுதான் உட்கார்ந்தாள். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள்.

"மூணு வருஷம் போச்சு அண்ணாச்சி. எல்லாருக்கும்."

"போவல, வருது." அவர் கஞ்சியை ஊதினார். "ஜனவரில இருந்து மூணு வருசம். நீ அன்னைக்கு லிஃப்ட்டுல சொல்லாம இருந்திருந்தா அந்த ஏழும் இருந்திருக்கும், நான் இருந்திருக்க மாட்டேன். இந்த வால்வு பதினஞ்சு வருசம் தாங்குமாம். அஞ்சு தடவ முதல்ல இருந்து பாக்கலாம். அது எங்கயும் போயிறாதுளா. நம்மதான் போயிட்டு வரணும்."

"புதுசா யாரோ கலக்கப் போறாங்க. எனக்கு இனிமே அங்க ஒண்ணும் தெரியாது."

அமலோற்பவம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படின்னா? கேக்கும்போது எது மெய், எது பொய்யின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"அப்ப நீயும் எங்களாட்டம்தான்," என்றார் அமலோற்பவம், அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல. "இரு, சாப்பிட்டுட்டுப் போ."